பார்த்துக்கொள்பவர்களைப் பார்க்க வந்த எஸ்தர் அம்மாள்

இப்போது நான் சொல்லப் போகும் கதையை ஒருவரும் நம்ப மாட்டீர்கள். கிழக்கு நோக்கி நின்று, துளசியின் மேல் கை வைத்து, இதற்கு உத்தரவாதம் தருகிறேன். என்னை அறிந்தவர்கள் நான் வாய் திறப்பதற்கு முன்பே நம்பாமல் இருக்கப் பழகியவர்கள். "சித்தப்பா கிளம்பிட்டார்" என்று என் அண்ணா பெண்கள் இருவரும் கண் ஜாடை காட்டிக்கொள்வது எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் எழுதித்தான் ஆக வேண்டும். எஸ்தர் அம்மாள் போன செவ்வாய்க்கிழமை காலமாகிவிட்டார்கள்.

செய்தி வந்த விதம் இது. திருச்சி ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் என் மேஜைக்கு முன்னால், ஸ்ரீரங்கத்தை ஒட்டிய மேலூரிலிருந்து மருதமுத்து வந்து நின்றார். வாழைத் தோட்டக்காரர். வாரம் தவறாமல் தார் புக் பண்ண வருகிறவர். அன்று தலையில் இருந்த தாரை இறக்காமலே நின்றார்.

"சாமி, நர்ஸம்மா போயிட்டாங்க."

"எந்த நர்ஸம்மா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த நர்ஸம்மா இந்த ஜகத்தில் ஒருவர்தான். ஆனாலும் கேட்டேன்.

"நம்ம நர்ஸம்மாதாங்க. விடியக்காலைல."

நான் அவருடைய தாரை வாங்கித் தராசில் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். மூன்றாம் தடவை வைத்தபோது மருதமுத்து, "இருக்கட்டும் சாமி, அது எடை மாறாது" என்று சொல்லித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அம்மையாரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு சித்திரம் தருகிறேன். உயரம் நாலே முக்கால் அடி. குடை விரித்தால் ஐந்து. வெள்ளைப் புடவை, கறுப்புக் கான்வாஸ் ஜோடு, தோளில் ஒரு காக்கிப் பை. நடைதான் விசேஷம். காவிரிப் பாலத்தில் அவர்கள் நடந்து வந்தால் ஜட்காக் குதிரைகள் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒரு தடவை அவர்கள் கடந்து போன பிறகு பாலமே மூச்சு வாங்கியதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அவர்களோடு பேச வேண்டுமானால் கூட ஓட வேண்டும். நின்றபடி பேசி நான் பார்த்தது இரண்டே தடவை.

திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவர்கள் பல வருஷம் வார்டு நர்ஸாக இருந்தவர்கள். அங்கே அவர்கள் ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்தார்கள். படுத்த படுக்கையான ஒருவரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பினால், மூன்று மாதத்தில் அவர் முதுகெல்லாம் புண்ணோடு திரும்பி வருவார். அடுத்த மாதம், அவரைப் பார்த்துக்கொண்ட பெண்டாட்டியோ மகளோ மருமகளோ பக்கத்துக் கட்டிலுக்கு வந்து சேருவாள். இதை அம்மையார் பெரிய டாக்டரிடம் இப்படிச் சொன்னார்களாம்:

"கட்டில்ல படுத்திருக்கறவரைப் பார்க்க நீங்க இருக்கீங்க, ஐயா. கட்டிலுக்குப் பக்கத்துல நிக்கறவங்களைப் பார்க்க யாரு இருக்கா?"

டாக்டர் சிரித்தாராம். அம்மையார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வார்டு வேலை முடிந்த பொழுதெல்லாம் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் வீடு வீடாக நடைதான்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு அவர்கள் வந்தது அண்ணாவுக்குப் பக்கவாதம் கண்ட மூன்றாவது மாதம். அண்ணா பெருமாள் சன்னிதியில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் முதல் வரிசை. அவர் இங்கே வாய் திறந்தால் கொள்ளிடம் தாண்டிச் சமயபுரத்தில் ஆடு திரும்பிப் பார்க்கும். அந்தக் குரல் ஒரே காலையில் போயிற்று. வலது கையும் காலும் கூடவே போயின. மிச்சம் இருந்தது இடது கை, இரண்டு கண், அப்புறம் மடி.

மடி என்பதை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். குளித்துவிட்டு, யார் கையும் படாமல் உலர்த்திய துணியைக் கட்டிக்கொண்டவர்தான் அண்ணாவைத் தொடலாம், ஊட்டலாம். அப்படிக் கட்டியவர் மேல் வேறு யாராவது பட்டால் மறுபடி முதலிலிருந்து குளியல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அண்ணா இடது கையை ஆட்டி ஆட்டி இதைத்தான் முதலில் நிலைநாட்டினார். பெண்கள் இருவரும் கல்யாணமாகி வடக்கே போய்விட்டார்கள். நானோ பிரம்மச்சாரி, அதோடு உலகம் சுற்றும் ரயில்வே உத்தியோகஸ்தன். ஆக, அண்ணாவின் மனைவி வேதவல்லி மன்னி ஒருவர்தான். ஒரு நாளைக்கு ஏழு ஸ்நானம். மார்கழியிலும் ஏழு. கிணறு எங்கள் வீட்டைப் பார்த்துக் கும்பிட்டு, "அம்மா, கொஞ்சம் ஊற விடுங்கோ" என்று கெஞ்சியதை அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

அம்மையார் வாசல் பக்கம் வரவில்லை. எங்கள் ஆசாரம் தெரிந்தவர்கள். கொல்லைப்புறப் படலைத் தள்ளிக்கொண்டு வந்து கிணற்றடிக்கு அப்பால் நின்றார்கள். மன்னி ஈரப் புடவையோடு நின்றார்.

"எப்போம்மா சாப்பிட்டீங்க?"

"பத்து மணிக்கே கஞ்சி கொடுத்தாச்சு. பாதி இறங்கித்து."

"உங்களைக் கேட்டேன்."

"அவர் ராத்திரி கூடச் சரியாச் சாப்பிடலை."

"அவர் இல்லைம்மா. நீங்க. நீங்க எப்போ சாப்பிட்டீங்க?"

மன்னி யோசித்தார். கணக்குப் பரீட்சையில் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டது போல முகம் ஆயிற்று. அம்மையார் அந்த இடத்தில் நின்றார்கள். நான் சொன்ன இரண்டு தடவையில் அது முதல் தடவை.

அப்போது நான் ரேழி வழியாக வாசலுக்கு நழுவிக்கொண்டிருந்தேன்.

"அது யாரும்மா, ஓடறாரு?"

"அவர் தம்பி. சேஷு. ரயில்வேயிலே வேலை."

"அதான் வேகம்! சார், இப்படி வாங்க. உங்க மன்னியால வெளியே வர முடியாது. வியாழக்கிழமை மத்தியானம் நீங்க வாங்க."

ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வாழைத்தார் அடுக்கும் கொட்டகை ஒன்று உண்டு. வியாழக்கிழமை மத்தியானம் காலியாக இருக்கும். அதுதான் அம்மையாரின் சர்வகலாசாலை. வீட்டில் படுக்கையாகிவிட்ட ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாழைச் சருகின் மேல் உட்கார்ந்திருப்பார்கள். நோயாளி வேஷத்துக்கு அம்மையார் என்னைப் பிடித்துப் போட்டார்கள். நான் அப்போது ஐந்நூறு பவுண்டுக்குக் குறையாமல் இருப்பேன். என்னை ஒற்றை ஆளாகப் புரட்டிப் போட முடியும் என்று அவர்கள் சொன்னபோது கொட்டகையே சிரித்தது. எனக்கு அடியில் ஒரு போர்வையை விரித்து, அதன் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கி, "இடுப்பால இழுங்க, முதுகால இழுக்காதீங்க" என்று சொல்லி மருதமுத்துவை இழுக்கச் சொன்னார்கள். நான் உருண்ட உருளலில் திருவானைக்கா யானை மிரண்டு சங்கிலியை இழுத்தது.

மருதமுத்துவின் தாயார் இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு வருஷமாகக் கிடையில் இருந்தவர். ஒரு வியாழக்கிழமை போர்வையைக் கையில் பிடித்தபடியே அந்த மனிதர் சொன்னார்:

"ஒண்ணு சொல்றேம்மா, தப்பா நெனைக்காதீங்க. சில நாளு, ஆத்தா போய்ச் சேந்துட்டா தேவலைன்னு தோணுது."

அம்மையார் சுற்றிப் பார்த்தார்கள்.

"அப்படித் தோணாதவங்க இங்க யாராச்சும் இருந்தா கையைத் தூக்குங்க."

ஒரு கை எழவில்லை. தரையில் நோயாளியாகக் கிடந்த நானும் தூக்கவில்லை.

"சரி. இப்போ இடது பக்கம் புரட்டலாம்" என்றார்கள். மருதமுத்து அழுதுகொண்டே என்னைப் புரட்டினார். அதற்கப்புறம் அந்தக் கொட்டகையில் எல்லோரும் வாய் விட்டுப் பேசினார்கள்.

மன்னிக்கு அதே பாடத்தைக் கொல்லையில், ஆள் உயரத் திண்டு ஒன்றைப் படுக்கப் போட்டு, தொடாமல் தள்ளி இருந்தே சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும். ஆனால் எங்கள் வீட்டுக் கடிகாரம் அண்ணாவின் குரலுக்கு முன்பே நின்றுபோனது. இங்கேதான் என் மேதாவிலாசம் வெளிப்பட்டது. எட்டு மணி மெயில், பத்து மணி வண்டி, பன்னிரண்டு மணி பாசஞ்சர், இரண்டு மணி கூட்ஸ் என்று ஸ்ரீரங்கம் ஸ்டேஷனைத் தாண்டும் ரயில்களை வைத்து ஓர் அட்டவணை தயாரித்தேன். ஊதல் கேட்டால் திருப்ப வேண்டியது. எட்டு மணிக்கு வலம், பத்து மணிக்கு இடம். ரயில்வே போர்டு பார்த்தால் பொறாமையில் ராஜினாமா செய்யும். அம்மையார் அதை வாங்கிப் பார்த்தார்கள். "நல்லாத்தான் இருக்கு. ரயில் வராட்டி?" என்றார்கள்.

"எங்க ரயில் வராமல் போகாது" என்றேன்.

அட்டவணை நடந்தது. அண்ணா முதுகில் ஒரு கீறல் இல்லை. ஆனால் மன்னி தேய்ந்துகொண்டிருந்தார். அம்மையார் அடுத்த உத்தரவைப் போட்டார்கள்: ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் மன்னி வீட்டில் இருக்கக்கூடாது. ஜீயபுரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும். "ஊறுகா போடறேன், அப்பளம் இடறேன்னு உக்காரக் கூடாது. தூங்கணும்." அன்றைக்கு நான் குளித்து, மடித் துணி கட்டிக்கொண்டு அண்ணா பக்கத்தில் இருக்க வேண்டும்.

முதல் ஞாயிறு எனக்கு ஜுரம். இரண்டாம் ஞாயிறு நான் வந்து வழியனுப்பாமல் ரயில் ஏற மாட்டேன் என்று வைஸ்ராய் ஒற்றைக் காலில் நின்றார். மூன்றாம் ஞாயிறு பார்சல் ஆபீஸில் யானை ஒன்று புக் ஆகியிருந்தது. கொட்டகையில் நோயாளியாகக் கிடக்க எனக்கு நிகர் ஒருவரும் இல்லை. வீட்டில், அண்ணா பேசாமல் கிடந்த அந்த அறைக்குள் மட்டும் என் கால் போகாது. போனாலும் நிற்காது.

நாலாம் ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மன்னி கிணற்றடியில் மயங்கி விழுந்தார். கைப்பிடிச் சுவரில் நெற்றி இடித்து இந்தப் பக்கம் சரிந்தார். ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் அந்தப் பக்கம். அண்ணாவுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. கூப்பிடக் குரல் இல்லை. இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டியிருக்கிறார். நான் காப்பி ஹோட்டலில் கதை அளந்துவிட்டு வீடு வந்தபோது மன்னி தானே எழுந்து உட்கார்ந்திருந்தார். அண்ணா இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். முட்டித் தோல் பெயர்ந்திருந்தது.

மறுநாள் அம்மையார் என்னைக் கொல்லைக்குக் கூப்பிட்டார்கள். குரல் உயரவில்லை.

"சேஷு சார், உங்க அண்ணனுக்கு ஒரு கட்டில் போட்டாச்சு. அடுத்த கட்டில் உங்க மன்னிக்கு. அதை எந்தச் சுவரோரம் போடணும்னு இப்பவே சொல்லிடுங்க. ஆளை வெச்சு இடம் ஒழிச்சுத் தரேன்."

ஞாயிற்றுக்கிழமை மன்னி பஸ் ஏறினார். ஏறுகிறவரைக்கும் பத்துத் தடவை திரும்பினார். "சேஷு, கஞ்சியை ஆத்திக் கொடு. தலையைத் தூக்கிண்டு கொடு. புரையேறும். சேஷு, நீ இருப்பியோன்னோ?"

"மலைக்கோட்டை நகர்ந்தாலும் நான் நகர மாட்டேன், மன்னி."

ஐப்பசி மாதம். கொள்ளிடத்தில் கரை தொட்டு வெள்ளம். ஊரே போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து மணி வண்டி ஊதியது. போர்வையைச் சுருட்டிப் பிடித்து அண்ணாவை இடது பக்கம் திருப்பினேன். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பன்னிரண்டு மணி பாசஞ்சருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். அது வரவே இல்லை! பாலத்தைச் சோதித்துவிட்டுத்தான் வண்டி விடுவார்கள். அண்ணா என்னைப் பார்த்தார். "இன்னும் ஊதல்லே அண்ணா" என்றேன். இடது கை அவர் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. கண்ணால் போர்வையைக் காட்டினார். "ஷெட்யூல்னா ஷெட்யூல்தான்" என்றேன். நேரம் போவதற்காகக் கதை சொன்னேன். ரயில்வேக்காரன் சிக்னல் விழாமல் வண்டியை நகர்த்துவானா?

இரண்டரை மணிக்கு அம்மையார் கொல்லை வழியாக வந்தார்கள். குடை வளைந்திருந்தது. முழங்கால் வரை சேறு.

"எப்போ திருப்பினீங்க?"

"பத்து மணி வண்டிக்கு."

"அப்புறம்?"

"வண்டி வரலையே."

அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. அறை வாசலில் போய் நின்றார்கள். நின்றது அதுதான் இரண்டாம் தடவை.

"ஐயா, நான் உள்ள வரலாமுங்களா?"

எங்கள் வீட்டு நிலைப்படியை அந்த நாள்வரை அவர்கள் தாண்டியதில்லை. ஏழு ஸ்நானத்து மடிக்காரரான என் அண்ணா கண்களை இறுக மூடித் திறந்தார். அவரிடம் 'சரி' என்பதற்கு அதுதான் பாஷை. அம்மையார் உள்ளே போனார்கள்.

திருப்பிப் பார்த்தால் இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. "விரலை வெச்சு அழுத்துங்க, சார். எடுங்க. அழுத்தினா வெளுத்து, எடுத்தா ரத்தம் திரும்பி வரணும். வந்தா தோலு பிழைச்சுக்கும். வராட்டிப் புண்ணுதான்." அழுத்தி எடுத்தேன். என் விரல் வைத்த இடம் வெள்ளையாக நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு மெள்ளச் சிவந்தது.

"வண்டிக்கு வலிக்காது சார். இவருக்கு வலிக்கும். இனிமே இவர் கண்ணைப் பார்த்துத் திருப்புங்க" என்றார்கள். அவ்வளவுதான் திட்டு.

மன்னி சாயங்காலம் வந்தார். கன்னத்தில் பாய்க் கோடு பதிந்திருந்தது. அத்தனை தூக்கம்! அம்மையார் அறைக்குள் இருப்பதைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றார். "அண்ணாதான் கூப்பிட்டார்" என்றேன். மன்னி அண்ணாவைப் பார்த்தார். அண்ணா கண்களை மூடித் திறந்தார். மன்னி என் பக்கம் திரும்பினார்.

"நனைஞ்சு வந்திருக்காளே, ஒரு வாய் காப்பி கொடுத்தியோ?"

"இல்லையே மன்னி."

"இதுக்குத்தான் உன்னை வெச்சுட்டுப் போனேனா?"

காப்பி வந்தது. தனி டம்ளரில்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை. அம்மையார் குடித்துவிட்டு, "டிகாக்‌ஷன் நல்லா இறங்கியிருக்கும்மா" என்றார்கள். பிறகு மன்னி அண்ணாவுக்குத் துணி மாற்றும்போது அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டார்.

"சேஷு, இது என்ன? சேஷு!"

வாழ்நாளில் முதல் தடவையாக என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அம்மையார்தான் பேசினார்கள்.

"இன்னிக்கு வண்டி லேட்டுங்கம்மா. அதான் கொஞ்சம் பிந்திப் போச்சு. நாளைக்குச் சரியாயிடும். அடுத்த ஞாயிறும் நீங்க போயிட்டு வாங்க. இவர் பார்த்துப்பாரு."

அடுத்த ஞாயிறும் மன்னி ஜீயபுரம் போய் வந்தார். அண்ணா மேலும் நான்கு வருஷம் இருந்தார். புண் என்று ஒன்று வராமல், சுத்தமாகப் போனார். கொட்டகையில் கூட்டம் பெருகியது. ஒரு வீட்டுக்காரர் இன்னொரு வீட்டுக்குப் போய் அரை நாள் காவல் இருப்பது வழக்கமாயிற்று. மேலூரில் மருதமுத்துவின் தாயாருக்கு நான் கதை சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாளும் நம்பவில்லை.

கடைசியில் அம்மையாரே படுத்தபோது, பாலக்கரையில் அவர்கள் வீட்டில் தங்கை ஒருவர்தான் துணை. வியாழக்கிழமைக்காரர்கள் முறை வைத்துப் போனோம். நெற்றியில் அந்தக் கிணற்றடித் தழும்போடு மன்னியும் பாலம் தாண்டிப் போனார். "என் தங்கச்சியை முதல்ல வெளியே அனுப்புங்க. அவ காத்தாட நடந்துட்டு வரட்டும்" என்பதுதான் போகிறவர்களிடமெல்லாம் அவர்கள் சொன்னது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அடக்கம். மருதமுத்து மண் போட்டார். மன்னி போட்டார். நானும் போட்டேன்.

நம்ப மாட்டீர்கள் என்று சொன்னேன். நம்ப வேண்டாம். பாலம் மூச்சு வாங்கவில்லை. யானை புக் ஆகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கவும் இல்லை. பத்து மணிக்குத் திருப்பினேன். அந்த அறையில் இருக்கத் தாளாமல் பத்தே காலுக்கு வெள்ளம் பார்க்க ஓடிவிட்டேன். பன்னிரண்டு மணி பாசஞ்சர் பன்னிரண்டுக்கே கொள்ளிடப் பாலத்தைத் தாண்டியது. கரையில் நின்று பார்த்தேன். அதே வண்டிக்காக ரயில்வே கேட்டில் நின்றுவிட்டுத்தான் அம்மையார் மேலூருக்குப் போய், அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வீட்டில் அண்ணா மட்டும் இருந்தார். அவர்களே திருப்பிப் போட்டார்கள். நான் வந்து சேர்ந்தபோது ஒரு கேள்வி இல்லை. விரலை வைத்து அழுத்தச் சொன்னார்கள்.

ஆக, இதில் ஒரு சின்னப் பாகம் மட்டும் நிஜம். மன்னி கேட்டபோது, "இன்னிக்கு வண்டி லேட்டுங்கம்மா" என்று எஸ்தர் அம்மாள் சொன்னது நிஜம். உள்ளதைச் சொல்லியிருந்தால் மன்னி மறுபடி வாசல் தாண்டியிருக்க மாட்டார். இன்று இதைப் படிக்கவும் இருந்திருக்க மாட்டார். அன்று மழையில் கொல்லைப் படலைத் திறந்துகொண்டு போகும்போது வளைந்த குடையை நிமிர்த்தியபடி என்னைக் கேட்டார்கள்:

"அடுத்த ஞாயிறு இருப்பீங்களா, சார்?"

"இருக்கேம்மா."

இருந்தேன், அம்மா. ஒரு ஞாயிறு பாக்கியில்லாமல் இருந்தேன். நீங்கள் நடந்து போங்கள். இங்கே நான் உட்கார்ந்திருக்கிறேன்.